மல்ட்டிவால் கார்பன் நானோட்யூப் பவுடர்: மைக்ரோவேவ் அப்சார்பர் செய்ய வாங்குறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

முடிவை முதல்லயே சொல்லிடுறேன், காரணம் எல்லாம் கீழ வரும். மல்ட்டிவால்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணா பல சுவர் உள்ள நானோமீட்டர் விட்டக் கரிக்குழாய், ஒரே சுவர்னா அது சிங்கிள்வால். பவுடர் நல்ல பவுடர், 5க்கு 3.5 தாராளமா குடுக்கலாம். ஒன்றரை மார்க் குறைச்சது பூரா அது கூட வந்த டேட்டாஷீட்டுக்காகத்தான், எழுத வேண்டியதை விட்டுட்டு மத்ததை எல்லாம் கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. மைக்ரோவேவ் வேலைக்குன்னு நானோட்யூப் வாங்குற ப்ராஜெக்ட் பசங்க, புதுசா பிஎச்டி சேர்ந்தவங்க எல்லாம் இந்த ஒரு இடத்துலதான் காசையும் மாசக்கணக்கான நேரத்தையும் விடுறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க. கம்பெனி பேர் போடல, யாரையும் குத்தம் சொல்றதுக்காக எழுதல, வாங்குறவங்க என்ன கேட்டு வாங்கணும்னு தெரியணும் அவ்ளோதான்.

நான் வாங்குனது 25 கிராம் மல்ட்டிவால். தேவை என்னன்னா எக்ஸ் பேண்டு, அதாவது 8.2ல இருந்து 12.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஏரியா, அதுல வர்ற அலையை உறிஞ்சுற மாதிரி மெல்லிசா ஒரு எபாக்ஸி தட்டு செய்யணும். 25 கிராம்னு நினைச்சு சின்ன டப்பாவா வரும்னு எதிர்பாக்காதீங்க, இதோட பல்க் டென்சிட்டி ஒரு சிசிக்கு 0.1 கிராம் பக்கம்தான், அதனால கால் லிட்டர் டப்பா நிறைய வருது. மூடியைத் திறந்தா உள்பக்கமே கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும், ஸ்பேட்டுலாவை உள்ள விட்டா பாதி ஸ்பேட்டுலாவோட வந்து நிக்கும், பட்டர் பேப்பர்ல கொட்டுனா ஸ்டாடிக்ல ஓரமா ஏறி ஒட்டிக்கும், தராசுல நம்பர் நிக்கவே நிக்காது. அலுமினியம் ஃபாயில்ல சின்ன படகு மாதிரி மடிச்சு அதுல எடை போட்டா இந்தப் பிரச்சனை வெகுவா குறையுது, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டாங்க.

வந்ததும் ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. நல்ல நியோடிமியம் காந்தத்தை டப்பா வெளிப்பக்கமா வச்சு மெதுவா இழுங்க. பவுடர் காந்தத்தோட கூடவே நகர்ந்தா இரும்பு கேட்டலிஸ்ட், அதாவது ட்யூபை வளக்க உதவுற துகள், உள்ள மிச்சம் இருக்குன்னு அர்த்தம். நானோட்யூபை வளக்குறதே இரும்பு, கோபால்ட், நிக்கல் துகள் மேலதான், அதை ஆசிட்ல கழுவி எடுக்குறாங்க, முழுசா போறதில்ல. என் டப்பாவுல லேசா நகர்ந்துச்சு. அப்சார்பர் வேலைக்கு அது பெரிய குறையே இல்ல, கொஞ்சம் இரும்பு இருந்தா என்ன கெட்டுப்போகுது, ஆனா 97 சதவீத ப்யூரிட்டின்னு போட்டா மிச்ச 3 என்னன்னும் போடணும் இல்லையா.

பாதுகாப்பு பத்தி ஒரு பாரா எழுதியே ஆகணும், இதைத் தாண்டிப் போயிடாதீங்க. இது சாதாரண கரித்தூள் கிடையாது. மல்ட்டிவால்ல எம்டபிள்யூசிஎன்டி-7ங்கிற ஒரு வகையை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2பி பட்டியல்ல வச்சிருக்கு, அதாவது மனுஷனுக்கு கேன்சர் வர வாய்ப்பு இருக்கலாம்ங்கிற பட்டியல். அமெரிக்காவோட வேலையிட பாதுகாப்பு ஆய்வு அமைப்பு நியாஷ் 2013ல சொன்ன உச்ச அளவு ஒரு கன மீட்டர் காத்துல 1 மைக்ரோகிராம், அவ்ளோதான். ஃபேன் சுத்துற ரூம்ல டப்பாவைத் திறக்கவே கூடாது. ஃப்யூம் ஹுட்ல வச்சுத் திறங்க, நல்ல மாஸ்க் போடுங்க, எபாக்ஸியில கலந்து இறுகுன தட்டை உப்புத்தாள்ல தேய்க்கிறப்போ தண்ணி விட்டு நனைச்சுத் தேய்ங்க. எனக்கு வந்த பார்சல்ல ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்துச்சு, பாதுகாப்பு ஷீட்டு கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சு.

சரி, இப்ப மெயின் விஷயம். லேபிள்ல வெளி விட்டம் 10–20 நானோமீட்டர்னு இருக்கு, ப்யூரிட்டி இருக்கு, சர்ஃபேஸ் ஏரியா இருக்கு. நீளம் எவ்ளோன்னு பாத்தா "மைக்ரான் அளவில்"னு ஒரு வரி. எந்த மைக்ரான்? 1 மைக்ரானா 30 மைக்ரானா? எலக்ட்ரோமேக்னெடிக் அலைக்கு இந்த ட்யூபோட முக்கியமான அளவே அதோட நீளம்தான்.

ஏன்னு பாருங்க. 10 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 3 சென்டிமீட்டர். ட்யூப் 10 மைக்ரான்னு வச்சுக்கிட்டா அலை அதை விட 3000 மடங்கு பெருசு. தனியா ஒரு ட்யூபை வச்சுப் பாத்தா அந்த அலைக்கு அது இருக்கிறதே தெரியாது, ஆன்டெனா மாதிரி ரெசொனன்ஸ் ஆகுறதுக்கு வழியே இல்ல. அப்புறம் எப்படி வேலை செய்யுதுன்னா, அலையோட மின்புலம் ட்யூபோட நீளவாக்குல இருக்கிற எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் தள்ளுது, ரெண்டு முனையிலயும் சார்ஜ் சேருது, பக்கத்துல இன்னொரு ட்யூப் சில நானோமீட்டர் இடைவெளியில இருந்தா நடுவுல ஒரு குட்டி கெபாசிட்டர் உருவாகுது, இடைவெளி இன்னும் குறைஞ்சா எலக்ட்ரான் டனல் பண்ணித் தாண்டிடுது, இப்படி லட்சக்கணக்கான ட்யூப் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு எபாக்ஸிக்குள்ள ஒரு வலை மாதிரி ஆகுறப்போதான் 3 சென்டிமீட்டர் அலைக்கு உள்ள ஏதோ இருக்குன்னு தெரியுது. அந்த வலையில ஓடுற கரண்ட் ரெசிஸ்டன்ஸ்ல சூடா மாறுது, அலையோட எனர்ஜி அப்படித்தான் போகுது.

இந்த வலை எவ்ளோ பவுடர் போட்டா உருவாகும்ங்கிறது நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. 20 நானோமீட்டர் விட்டத்துல 10 மைக்ரான் நீளம்னா விகிதம் 500, அதே விட்டத்துல 2 மைக்ரான்னா வெறும் 100. நீளமான ட்யூபா இருந்து நல்லா பிரிஞ்சு இருந்தா எடையில 0.1 சதவீதத்துக்குக் கீழயே கூட எபாக்ஸியில கரண்ட் போக ஆரம்பிச்சிடும், குட்டையான ட்யூப்னா அதை விட பல மடங்கு கொட்டணும். ஆக நீளம் போடாத டேட்டாஷீட்டை வச்சுக்கிட்டு எவ்ளோ கலக்கணும்னு கணக்கே போட முடியாது, பேப்பர்ல ஒருத்தர் 1 சதவீதம்னு எழுதியிருந்தா அது அவரோட ட்யூபுக்கு, நம்ம டப்பாவுக்கு இல்ல.

இன்னொண்ணு, டெராஹெர்ட்ஸ் பக்கம் வேலை பண்றவங்களுக்கு நீளம் இதை விட முக்கியம். ட்யூப் மேல ஓடுற ப்ளாஸ்மான் அலை, அதாவது எலக்ட்ரான்கள் கூட்டமா ஆடுற அலை, வெளிச்சத்தோட வேகத்துல போறதில்ல, எலக்ட்ரானுக்கு இருக்கிற கைனடிக் இண்டக்டன்ஸ், அதாவது அதோட நிறையால வர்ற மந்தம், அதைப் புடிச்சு இழுக்குது, வேகம் ஒளிவேகத்துல ஐம்பதுல ஒரு பங்கு மாதிரி இறங்கிடுது. அப்ப 10 மைக்ரான் ட்யூப் அரை அலை ரெசொனன்ஸுக்கு வர்றது சுமார் 0.3 டெராஹெர்ட்ஸ்ல, நீளம் பாதியானா அது ரெண்டு மடங்கு மேல போயிடும். அளக்குறப்போ டெராஹெர்ட்ஸ்ல தெரியுற உறிஞ்சல் பீக்கு நிஜமாவே ட்யூபோட நீளத்தால வர்றதுதான்னு பெலாரஸ்ல மின்ஸ்க் குழு 2012லயும், அமெரிக்காவுல ரைஸ் யுனிவர்சிட்டி குழு 2013லயும் காட்டுனாங்க, ரெண்டுமே சிங்கிள்வால்ல பண்ணது. படிக்கிறப்போ எனக்கு புல்லரிச்சிடுச்சு, கண்ணுக்கே தெரியாத ஒரு கரிக்குழாய் நிஜ ஆன்டெனா மாதிரி நீளத்துக்குத் தகுந்த மாதிரி ட்யூன் ஆகுது.

சிங்கிள்வால் வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. இந்த வேலைக்கு வேண்டாம். சிங்கிள்வால் மெட்டலா செமிகண்டக்டராங்கிறது அதோட சுருட்டலைப் பொறுத்தது, அந்தச் சுருட்டலைச் சொல்ற ரெண்டு கைராலிட்டி நம்பரோட வித்தியாசம் 3ஆல வகுபட்டா மெட்டல், இல்லைன்னா செமிகண்டக்டர், பிரிக்காத பவுடர்ல மூணுல ரெண்டு பங்கு செமிகண்டக்டராத்தான் இருக்கும். ஒளி, இன்ஃப்ராரெட்னு வேலை பண்றவங்களுக்கு செமிகண்டக்டர்ல எலக்ட்ரான் தாண்ட வேண்டிய எனர்ஜி இடைவெளி, அதாவது பேண்ட் கேப், தங்கச்சுரங்கம், மைக்ரோவேவ்காரங்களுக்கு அதுல காசு வேஸ்ட். மல்ட்டிவால்ல 10 நானோமீட்டர் விட்டம் உள்ள சுவர் செமிகண்டக்டரா இருந்தாலும் கேப் 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழதான் வரும், அதுக்குள்ள பல சுவர் இருக்கு, ரூம் டெம்பரேச்சர்ல கிட்டத்தட்ட மெட்டல்னே வச்சுக்கலாம். விலையும் பல மடங்கு கம்மி.

கலக்குற விஷயம். நான் யூஸ் பண்ணது நம்ம ஊர் லேப்ல எல்லாம் இருக்கிற எல்ஒய்556 ரெசின், எச்ஒய்951 ஹார்டனர், எடையில 10க்கு 1. ட்யூபை அசிட்டோன்ல போட்டு ப்ரோப் சோனிகேட்டர்ல (அல்ட்ராசவுண்டால குலுக்குற மெஷின்) பிரிச்சு, ரெசினை சேத்து, அசிட்டோன் முழுசா போறவரை சூட்டோட கிளறி, வாக்கும்ல வச்சு குமிழி எடுத்து, அப்புறம்தான் ஹார்டனர். இந்த பவுடர் பிரியுற விதம் நல்லாவே இருக்கு, அதுக்கு முழு மார்க். கண்ணாடித் தகடு மேல ஒரு சொட்டு வச்சு வெளிச்சத்துல பாத்தா கட்டி தெரியல. ஆனா சோனிகேட்டரை ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, கட்டியைப் பிரிக்கிற அதே சக்தி ட்யூபையும் ஒடிக்கும், நீளத்துக்காக காசு குடுத்து வாங்கிட்டு அதை நாமளே துண்டு துண்டா ஆக்குறதுல என்ன பிரயோஜனம். இதே காரணத்துக்காகத்தான் கார்பாக்ஸில் போட்ட வகை, சிஓஓஎச்னு தனியா விக்கிறாங்களே, அதை இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். நல்லா கரையும் உண்மைதான், ஆனா அதைச் செய்றதுக்கு சல்ஃப்யூரிக் நைட்ரிக் ஆசிட்ல கொதிக்க வைக்கிறப்போ சுவர்ல ஓட்டை விழுது, நீளம் குறையுது, கண்டக்டிவிட்டி இறங்குது.

அளக்குறப்போ ஒரு இடத்துல எல்லாரும் மாட்டுவாங்க. டபிள்யூஆர்-90 வேவ்கைடு, அதாவது எக்ஸ் பேண்டு அலையைக் கொண்டு போற செவ்வக மெட்டல் குழாய், அதோட உள்ளளவு 22.86க்கு 10.16 மில்லிமீட்டர், சாம்பிளை அதுக்குள்ள இறுக்கமா உக்கார வைக்கணும். இதுல அகலமான ரெண்டு சுவரும், அதாவது மேலும் கீழும் இருக்கிறது, அங்க ஒரு முடி அளவு கேப் இருந்தாக்கூட நம்பர் கெட்டுப்போகும், ஏன்னா வேவ்கைடுக்குள்ள அலை போற அந்த மோடுல மின்புலம் அந்தச் சுவர்களுக்கு செங்குத்தா நிக்குது, கேப்புல இருக்கிற காத்து சாம்பிளோட சீரிஸ்ல வந்து உக்காந்துக்கிட்டு பெர்மிட்டிவிட்டியைக் குறைச்சுக் காட்டும். பெர்மிட்டிவிட்டின்னா பொருள் மின்புலத்துக்கு எவ்ளோ ஆடுதுங்கிற அளவு, அதுல ரியல் பார்ட் சேத்து வைக்கிறது, இமேஜினரி பார்ட் சூடா இழக்குறது. பக்கவாட்டுச் சுவர்ல மின்புலம் ஜீரோ, அங்க கொஞ்சம் விட்டாலும் பெரிய சேதம் இல்ல. அதனால தட்டை வெட்டுனதும் 10.16 பக்கத்தை வெர்னியர் வச்சுப் பாத்துப் பாத்து நனைச்சுத் தேய்ச்சு, கையால அழுத்துனா மட்டும் உள்ள போற அளவுக்குக் கொண்டு வாங்க. நானோட்யூப் போட்ட சாம்பிளுக்கு பெர்மிட்டிவிட்டி அதிகம்ங்கிறதால சாதா ப்ளாஸ்டிக்கை விட இந்த கேப் தப்பு இதுல பெருசா அடிக்கும். விஎன்ஏல (மைக்ரோவேவ் அலையை அளக்குற மெஷின்) டிஆர்எல்ங்கிற முறையில கேலிப்ரேஷன் பண்ணிட்டு, திரும்புற அலையைச் சொல்ற எஸ்11, தாண்டிப் போறதைச் சொல்ற எஸ்21 ரெண்டையும் எடுத்து நிக்கல்சன்-ராஸ்-வெயர் முறையில பெர்மிட்டிவிட்டி எடுத்தா போதும்.

இப்ப ரிசல்ட். இங்கதான் எல்லார் மனசுலயும் இருக்கிற ஒரு நினைப்பு உடையணும்: ட்யூப் அதிகம் போட்டா அதிகம் உறிஞ்சும்ங்கிறது. இல்லவே இல்ல. அலை உறிஞ்சப்படணும்னா முதல்ல அது உள்ள வரணும். காத்தோட இம்பீடன்ஸ், அதாவது அலைக்குக் காட்டுற எதிர்ப்பு, 377 ஓம், தட்டோட முகப்பு அதுக்குப் பக்கத்துல இல்லைன்னா வந்த அலையை வாசலோட திருப்பி அனுப்பிடும், உள்ள எவ்ளோ நல்ல ட்யூப் இருந்தும் அதுக்கு வேலையே வராது.

இந்த டப்பாவுல 1 சதவீதம் போட்ட தட்டுக்கு 10 கிகாஹெர்ட்ஸ்ல பெர்மிட்டிவிட்டி ரியல் பார்ட் 9 பக்கம், இமேஜினரி 4 பக்கம் வந்துச்சு. 9க்கு ரூட் 3, அப்ப தட்டுக்குள்ள அலைநீளம் 3 சென்டிமீட்டர்ல மூணுல ஒண்ணு, 10 மில்லிமீட்டர், அதுல கால் பங்கு 2.5 மில்லிமீட்டர். பின்னாடி மெட்டல் வச்சு 2.5 மில்லிமீட்டர் தட்டுன்னு கணக்குப் போட்டா முன்பக்கம் திரும்புற அலையும் மெட்டல்ல பட்டு வர்ற அலையும் எதிரெதிரா வந்து ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது, ரிஃப்ளெக்ஷன் 20 டெசிபலுக்கு மேல குறையுது, அதாவது 100ல ஒரு பங்கு கூட திரும்பல. இது சும்மா அதிர்ஷ்டத்துல வர்றது கிடையாது, கால் அலைநீளத் தட்டுல ரியல் பார்ட் 9 இருந்தா இமேஜினரி 4 பக்கத்துல இருந்தாத்தான் ரெண்டு அலையும் சம அளவுல சந்திக்கும், கம்மியானாலும் சரி கூடுனாலும் சரி ரிஃப்ளெக்ஷன் கிராஃப்ல விழுற பள்ளம் ஆழம் குறைஞ்சிடும்.

அதே பவுடர் 3 சதவீதம் போட்டேன். ரியல் 20, இமேஜினரி 15. கேக்க பிரமாதமா இருக்கு, லாஸ் எகிறிடுச்சு. அதே 2.5 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டா திரும்புறது வெறும் 3 டெசிபல் சொச்சம்தான் குறையுது, வந்த பவர்ல பாதி அப்படியே திரும்பிப் போகுது. மூணு மடங்கு ட்யூப் செலவு பண்ணி அப்சார்பரைக் கெடுத்த மாதிரி ஆச்சு. மெட்டல் இல்லாம அதே தட்டை ஷீல்டிங்குக்கு வச்சா 12 டெசிபல் பக்கம் தடுக்குது, அதுலயும் பாதிக்குக் கொஞ்சம் கம்மியா முகப்புலயே திரும்புறதுதான். கார்பன் நானோட்யூப்ல காந்தத்தன்மை கிடையாது, காந்தப்புலத்துக்கு ஆடுற அளவான பெர்மியபிலிட்டி 1தான், அதனால பெர்மிட்டிவிட்டி ஏற ஏற இம்பீடன்ஸ் இறங்கிக்கிட்டே போகும், அதை ஈடுகட்ட ஆளில்ல. காந்தத்தன்மை உள்ள ஃபெரைட், மேக்னடைட் எல்லாம் சேத்து கலவை பண்றாங்களே அது இதுக்காகத்தான்.

இந்த "உள்ள வர விடு" விஷயத்தை இதை விட அழகா பாக்கணும்னா வேண்டாப்ளாக் பக்கம் போங்க. 2014ல இங்கிலாந்துல சர்ரே நானோசிஸ்டம்ஸ் கொண்டு வந்தது, செங்குத்தா நெருக்கமா வளந்த நானோட்யூப் காடு, கண்ணுக்குத் தெரியுற ஒளியில 99.965 சதவீதம் உறிஞ்சும்னாங்க. அதுக்கு முன்னாடி 2008லயே அமெரிக்காவுல ரென்சிலர்ல ஷான்-யு லின், கேரளாவுல பொறந்த புலிக்கல் அஜயன் இவங்க குழு 0.045 சதவீதம் மட்டும் பிரதிபலிக்கிற காட்டை வளத்திருந்தாங்க. ட்யூப் நல்ல கருப்புங்கிறதால மட்டும் இது வரல, அந்தக் காட்டுல பெரும்பகுதி காத்து, அதனால ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் 1ஐ ஒட்டியே இருக்கு, ஒளிக்கு காத்து முடிஞ்சு பொருள் ஆரம்பிக்கிற இடமே தெரியல, உள்ள போயி போயி தேஞ்சு சூடாயிடுது. அதே ட்யூபை நசுக்கி தகடா அழுத்துனா பளபளன்னு ஆயிடும். ஒரே கார்பன்தான், அடுக்குற விதம் மாறுனா கண்ணாடியாவும் ஆகும் கரும்பள்ளமாவும் ஆகும்.

யார் இதை வாங்க வேண்டாம்னும் சொல்லிடுறேன். அலையைத் தடுத்தா போதும், திரும்பிப் போனா பரவாயில்லைன்னா நானோட்யூப் தேவையே இல்ல. அலுமினியத்தோட ஸ்கின் டெப்த், அதாவது அலை மெட்டலுக்குள்ள போற ஆழம், 10 கிகாஹெர்ட்ஸ்ல 1 மைக்ரானுக்கும் கீழ, சமையல்கட்டு ஃபாயிலே அதை விட பல மடங்கு தடிமன், ஓரம் மட்டும் நல்லா மூடிட்டா இந்தத் தட்டு எல்லாம் கிட்டயே வர முடியாது. வெயிட்டே பிரச்சனை இல்ல, இடமும் நிறைய இருக்குன்னா கார்பன் ப்ளாக் போட்ட ஃபோம் இருக்கு, அலை எதிரொலிக்காத டெஸ்ட் ரூமான அனெக்கோயிக் சேம்பர்ல கூர்கூரா நிக்குதே அதேதான், சீப்பா முடியும். மெல்லிசா இருக்கணும், வளைவான ப்ளாஸ்டிக் பார்ட்டா இருக்கணும், துரு புடிக்கக் கூடாது, எபாக்ஸியோட பலமும் கெடக் கூடாதுன்னா அங்கதான் 1 சதவீத நானோட்யூப் ஜெயிக்குது, கார்பன் ப்ளாக்ல இதே எஃபெக்ட் வரணும்னா பல மடங்கு கொட்டணும், ரெசின் களி ஆயிடும்.

சர்வீஸ் பத்தி. நீளம் கேட்டு மெயில் போட்டேன், பதில் வந்துச்சு, ஆனா ஒரு எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) போட்டோ மட்டும் அனுப்புனாங்க, அதுல சுருண்டு கிடக்குற ட்யூபோட முனை எங்கன்னே தெரியல. ரெண்டாவது டப்பா வேற பேட்ச், அதே 1 சதவீதத்துக்கு இமேஜினரி பார்ட் நல்லாவே கம்மியா வந்துச்சு, லேபிள்ல ஒரு எழுத்து மாறல. அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி சராசரி நீளம், ராமன் டெஸ்ட்ல டி பேண்டுக்கும் ஜி பேண்டுக்கும் உள்ள விகிதம் (சுவர்ல எவ்ளோ குறை இருக்குன்னு சொல்றது), மிச்ச கேட்டலிஸ்ட் எவ்ளோ, இந்த மூணையும் அந்த பேட்சுக்குன்னே எழுதிக் கேளுங்க. தர்றவங்க கிட்ட கொஞ்சம் விலை கூட இருந்தாலும் அங்கயே வாங்குங்க, அந்தக் காசு வீணாகாது.

எவ்ளோ வாங்கணும்னா, ஒரு வேவ்கைடு சாம்பிளுக்கு 1 சதவீதம்னா 7 மில்லிகிராம் பக்கம்தான் ஆகும், ஒரு அடிக்கு ஒரு அடி 2.5 மில்லிமீட்டர் தட்டுக்கே மூணு கிராமுக்குள்ள முடிஞ்சிடும். 25 கிராம் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு தாராளம், ஆனா அந்த 25ம் ஒரே பேட்ச்ல இருக்கட்டும், பேட்ச் நம்பரை நோட்டுல எழுதி வச்சிட்டு அப்புறமா டப்பாவைத் திறங்க.